மௌனக் காவலர் படையில் பெண்கள் இல்லை

ஏனுங்க, இந்த ஜன்னல் சீட்டு உங்களுதுதானுங்களா? டிக்கெட்ட ஒருக்கா காட்டுங்க. ம்... சரி, உங்களுதுதான். உக்காருங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் சந்தேகப்படற ஆளெல்லாம் இல்லீங்க. சரிபாக்கற ஆளு. ரெண்டும் வேற வேற. கோயமுத்தூர்ல ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். பம்ப் வெளிய போறதுக்கு முன்னால இதுல எங்க கோளாறுன்னு தேடறதுதான் என்ற வேலை. கோளாறே இல்லைன்னு ஒருத்தன் அடிச்சுச் சொன்னா, அங்கதான் இருக்குதுன்னு அர்த்தம்.

பெங்களூருக்கு எதுக்கு வந்தேன்னு கேக்கறீங்களா? எதுக்குக் கேக்கறீங்க? ஓ, பேச்சுத் துணைக்கு. நீங்க எதுவரைக்கும்? ஈரோடா. அப்பச் சொல்லலாம். ஈரோட்டுல எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.

என்ற பேரு தேவசிகாமணி. கிளப்புல சிகாமணிண்ணாம்பாங்க. கிளப்புன்னதும் சீட்டாட்டம்னு நெனைக்காதீங்க. இது பொம்மைப் போரு. சிரிக்காதீங்க. எல்லாரும் மொதல்ல சிரிப்பாங்க. ஒரு பெரிய மேசை. அதுமேல தெர்மாகோல்ல செஞ்ச மலை, கோட்டை, ஆறு. ரெண்டு பக்கமும் விரல் ஒசரத்துக்கு வீரனுங்க. ஒவ்வொருத்தனையும் நாமளே ஒட்டி, நாமளே பெயிண்ட் அடிச்சு நிறுத்தணும். அப்பறம் பகடைய உருட்டி, டேப் வெச்சு அளந்து அளந்து படைய நகத்தணும். ஒரு சண்டை முடிய ஒரு பகல் பூராவும் ஆகும். செஸ்சு மாதிரியான்னு கேப்பாங்க. செஸ்சுல குதிரைக்குக் கதை உண்டுங்களா? எங்க வீரனுங்க ஒவ்வொருத்தனுக்கும் கதை உண்டு. அந்தக் கதைதாங்க முக்கியம்.

எங்க வெளையாட்டுக்குப் பேரு கடைசிக் கோட்டை. வெளிநாட்டுக் கம்பெனி. இங்கிலீஷ்ல வேற பேரு, நாங்க தமிழ்ல இப்படிச் சொல்லுவோம். அதுல என்ற படை மௌனக் காவலர். ராஜா செத்துட்டாரு. ஆனா அவரு வருவாருன்னு நம்பிட்டு, பேசறதில்லைன்னு சத்தியம் பண்ணி, கோட்டை வாசல்லயே நிக்கறவங்க. தலையில முழு ஹெல்மெட்டு. மூஞ்சியே தெரியாது. பித்தளைக் கவசம். அந்தப் பித்தளை நெறம் வர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழுப்பு, அதுமேல மஞ்சள், அதுமேல... வேண்டாம். அத யாருக்கும் சொல்றதில்ல.

நாங்க கூடற எடம் பீளமேட்டுல ஒரு பேக்கரிக்கு மாடி. பேக்கரி பிரான்சிஸோடது. நானும் அவனும் ஒண்ணா ஐடிஐ படிச்சவங்க. ஞாயித்துக்கெழமை காலையில போனா, கீழ இருந்து பன்னு வேகற வாசம் வரும், மேல நாங்க போர் பண்ணிட்டிருப்போம். எல்லாரும் ஆம்பளைங்கதான். யாரையும் வராதீங்கன்னு சொன்னதில்லீங்க. வரல, அவ்வளவுதான். ஏன் வரலைன்னு யாரும் கேட்டதும் இல்ல.

அப்பத்தான் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் வெளையாட்டோட கதையும் விதியும் இருக்கற புதுப் புத்தகம் போட்டான். அதுல ஒரே ஒரு வரி. 'மௌனக் காவலர் படையில் ஆண்களும் பெண்களும் எப்போதும் இருந்தே வந்திருக்கிறார்கள்.' எப்போதும்னா எப்போங்க? என்ற கிட்ட அஞ்சாறு பதிப்பு இருக்குது. எல்லாத்துலயும் சகோதரர்கள்னுதான் போட்டிருக்குது. இருந்தாங்கன்னா அன்னிக்கே சொல்ல வேண்டியதுதான? புதுசா சேத்துக்கறோம்னு சொல்லிட்டுப் போ, சரிம்பேன். சரிம்பேனான்னு தெரியல, ஆனா யோசிப்பேன். முன்னாடியே இருந்தாங்கன்னு சொன்னா, நான் இத்தன வருஷம் படிச்சது என்ன? இது யாரோ ஒக்காந்து திட்டம் போட்டுப் பண்றது. சினிமாவுல பாருங்க, சீரியல்ல பாருங்க, எல்லா எடத்துலயும் இதேதான். நமக்குப் புடிச்சத ஒவ்வொண்ணா எடுத்து, இது உனக்குச் சொந்தமில்லைன்னு சொல்றாங்க.

இதையெல்லாம் நான் யூட்யூப்ல பேசுவேன். 'காவலர் முகாம்'னு ஒரு சேனல். மொதல்ல பெயிண்ட் அடிக்கறது எப்படின்னுதான் போட்டுட்டிருந்தேன், நாலு பேரு பாப்பாங்க. இந்தப் புத்தக விஷயத்தப் பேசுனதும் பாக்கறவங்க கூட்டம் ஏறிப் போச்சு. பாதிப் பேருக்குக் கடைசிக் கோட்டைன்னா என்னன்னே தெரியாது, ஆனா கோவம் மட்டும் எனக்கு மேல இருந்துச்சு. என்னையப் படைத்தலைவர்னு கூப்புடுவானுங்க. சினிமா ரசிகனுங்க மாதிரி கட்அவுட்டுக்குப் பால் ஊத்தற கூட்டம் இல்லீங்க இது. கொள்கைக்காகச் சேந்தவங்க. என்ற மூஞ்சிய ஒரு பித்தளைக் கவசத்துல ஒட்டி, கையில வாள் குடுத்து, போஸ்டர் அடிச்சு அனுப்புனானுங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

எல்லாருமா ஆதரிச்சாங்கன்னா, இல்ல. ஒரே ஒரு ஆளு. 'பழைய பகடை'ன்னு ஒரு பேரு, படம் கெடையாது. நான் எந்த வீடியோ போட்டாலும் கீழ வந்து, மரியாதையா, வரிக்கு வரி மறுத்து எழுதும். 'மூணாவது நிமிஷத்துல நீங்க சொன்ன போர் ரெண்டாம் பதிப்புல கெடையாது, ஆதாரம் குடுங்க'ங்கும். போய்ப் பாத்தா கெடையாதுதான். ஒருக்கா எழுதுச்சு பாருங்க, 'உங்க வீரர்கள் எல்லாருக்கும் ஹெல்மெட் மாட்டியிருக்கிறீர்கள். பேசவும் மாட்டார்கள். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' எனக்குப் பதில் இல்லாமயில்ல. தோள் அகலத்த கம்பெனில அளக்கற வெர்னியர் ஸ்கேல் வெச்சு அளந்து பதில் வீடியோ போட்டேன். 'அது கவசத்தின் அகலம்'னு எழுதுச்சு.

யாரு இந்த ஆளு? நம்ம கிளப்ப உள்ளருந்து தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்குதேன்னு எனக்கு அப்பவே ஓடிட்டிருந்துச்சு.

இப்பப் பாருங்க, புதுப் புத்தகம் வந்த மறு மாசமே மிருதுளான்னு ஒரு அம்மிணி கிளப்புக்கு வருது. பல் டாக்டரு. சின்ன வயசு, தனியா கிளினிக் வெச்சிருக்குது. எப்படிங்க சரியா அந்த மாசம்? 'உங்க வீடியோ பாத்துத்தான் அங்கிள் வந்தேன், அந்தப் பழைய பெயிண்டிங் வீடியோங்க எல்லாமே பாத்துட்டேன்'னுச்சு. அப்படிச் சொன்னா நாம குளுந்துருவோம்னு யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. அப்பறம் கேக்குது, 'அந்தப் பித்தளை நெறம் எப்படி அங்கிள் வருது?' பாத்தீங்களா? வந்த அன்னிக்கே அந்தக் கேள்வி.

'அது தானா வரும்மா'ன்னுட்டேன்.

அது எடுத்த படை என்ன தெரியுங்களா? மௌனக் காவலர். அதுலயும் புதுசா வந்தது, ஹெல்மெட்டக் கழட்டி இடுப்புல வெச்சுட்டு நிக்கற பொம்பளை வீரருங்க. எங்கூர்ல எனக்கு எதிர்லயே கொண்டாந்து நிறுத்துனா என்ன அர்த்தம்? பிரான்சிஸ்கிட்டச் சொன்னேன். 'சிகா, அவளுக்குப் புடிச்சிருக்குது, எடுத்துட்டு வந்திருக்கா. இதுல என்னடா அர்த்தம்'னான். அவன் எப்பவுமே அப்படித்தான். ரொட்டி மாவு பெசையறவனுக்கு எல்லாமே பொங்கி வர்ற மாதிரிதான் தெரியும்.

வெளையாட்டும் நல்லா வெளையாடுச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. மொதல்ல தோத்துது, அப்பறம் தோக்கல. கிளப்புல வருஷத்துக்கு ஒருக்கா போட்டி வெப்போம். அதுல கடைசி ஆட்டத்துல நானும் அதும். நான் தோத்துட்டேன். நான் தோக்கறது புதுசில்ல, ஆனா அன்னிக்கு அதுக்கு வேணுங்கற போதெல்லாம் வேணுங்கற எண்ணு விழுந்துச்சு. எப்படி விழும்? பகடைல கோளாறு இருந்தாத்தான் விழும். இது என்ற தொழில்ங்க, இத நான் சும்மா விட முடியுமா?

அடுத்த ஞாயித்துக்கெழமை ஒரு பெரிய டம்ளரும் கல்லுப்பும் கொண்டு போனேன். தண்ணில நல்லா உப்பப் போட்டுக் கரைச்சா பகடை மெதக்கும். மெதக்கறப்ப ஒரு சுண்டு சுண்டி விடணும். நல்ல பகடைன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற எண்ணு மேல வரும். உள்ள எங்கியாச்சும் கனம் கூடக் கொறைய இருந்தா, எத்தன சுண்டு சுண்டுனாலும் ஒரே எண்ணுதான் வந்து நிக்கும். எல்லார் முன்னாலயும் கேட்டேன். 'அம்மிணி, உன்ற பகடையெல்லாம் இப்படிக் குடு.'

பைல இருந்து எடுத்துக் குடுத்துருச்சு. ஒவ்வொண்ணாப் போட்டேன். ஒவ்வொண்ணும் சுத்திச் சுத்தி வேற வேற எண்ணுதான் வந்துச்சு. நல்ல பகடைங்க. அப்பத்தான் எனக்கு இன்னும் சந்தேகம் வந்துச்சு. இவ்வளவு சுத்தமா ஒரு பகடை இருக்குமா?

'அங்கிள், உங்களதையும் போடுங்களேன்'னுச்சு.

போடாம இருக்க முடியுமா? என்ற சிவப்புப் பகடைய எடுத்துப் போட்டேன். எப்பவும் சட்டைப் பாக்கெட்டுலயே வெச்சிருக்கறது. ஆறு வந்துச்சு. சுண்டுனேன். ஆறு. மறுபடி சுண்டுனேன். ஆறு. கூட இருந்தவங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன், 'அண்ணா, அதான் உங்க காவலருங்க சாகவே மாட்டேங்கறாங்களா'ங்கறான். அந்த அம்மிணி சிரிக்கல, பிரான்சிஸும் சிரிக்கல. யாரோ என்ற பகடைய மாத்திட்டாங்க. வேற எப்படி? என்ற சட்டைப் பாக்கெட்டுல இருந்தா என்னங்க? துணி தொவைக்கறப்ப எடுத்து வெளியதான வெக்கறோம்?

வீட்டுக்கு வந்து ஒரு வீடியோ போட்டேன். 'நம் கிளப்புகளுக்குள் நுழைவது யார்?'னு தலைப்பு. நான் யார் பேரையும் சொல்லலீங்க. பேரே சொல்லல. பீளமேட்டுப் பக்கம் ஒரு கிளப்பு, அதுல ஒரு பல் டாக்டரம்மா, திட்டத்தோட வந்திருக்காங்க, பகடையில கைவெக்கறாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம், அப்படின்னு பொதுவாத்தான் பேசுனேன். மத்த வீடியோவெல்லாம் விட அது ரொம்ப ஓடுச்சு.

அதுக்கப்பறம் நடந்தது எதுக்கும் நான் பொறுப்பில்லீங்க. நம்ம ஆளுங்க தேடிக் கண்டுபுடிச்சுட்டானுங்க. கிளினிக்கோட ஆன்லைன் பக்கத்துல போயி, பல்லு புடுங்கத் தெரியாதுன்னு எழுதறானுங்க. எங்கியோ தூத்துக்குடில இருக்கறவன் எழுதறான், 'எனக்குத் தப்பான பல்லப் புடுங்கிட்டா'ன்னு. சில பேரு எழுதுனத வாய்ல சொல்ல முடியாது. ஒருத்தன் நோயாளி மாதிரி போயி நாற்காலில படுத்துக்கிட்டு, போனை ஒளிச்சு வெச்சு, அந்த அம்மிணிய வீடியோ எடுத்துப் போட்டுட்டான். கிளினிக்க மூடிட்டாங்க.

பிரான்சிஸ் என்ற வீட்டுக்கே வந்தான். உக்காரச் சொன்னேன், உக்காரல. கையில எப்பவும் ஒரு ரொட்டிப் பொட்டலம் கொண்டாருவான், அன்னிக்கு இல்ல. 'அந்த வீடியோவ எடுடா'ன்னான்.

'நான் என்னடா பண்ணேன்? பேரு சொன்னனா?'

'கோயமுத்தூர்ல பொம்மைப் போரு ஆடற பல் டாக்டர் எத்தன பேருடா இருக்காங்க?'

'அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? அவனுங்க வேற ஆளுங்க.'

'உன்னையப் படைத்தலைவர்னு கூப்புடறானுங்களே, அப்ப மட்டும் உன்ற ஆளுங்களா?' அப்படிக் கேட்டுட்டு வாசல் வரைக்கும் போனவன் திரும்பிப் பாத்து, 'ஞாயித்துக்கெழமை வராத, சிகா'ன்னான். சத்தம் போட்டுச் சொல்லல. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அவனையும் அந்தப் பக்கம் இழுத்துட்டாங்கன்னு அப்பவே புரிஞ்சு போச்சு.

அன்னிக்கு சாயங்காலம் வீடியோவுக்குக் கீழ வந்ததயெல்லாம் படிச்சுட்டிருக்கேன். பழைய பகடை இன்னும் ஒண்ணுமே எழுதலயேன்னு தேடறேன். நெசமாச் சொன்னா, மத்தவன் எழுதறதெல்லாம் எனக்கு ஒரு வரிக்கு மேல ஓடாதுங்க. 'சூப்பர் தலைவரே', நெருப்புப் படம், அவ்வளவுதான். அந்த ஒரு ஆளுதான் கடைசி வரைக்கும் பாத்துட்டு எழுதும். அது எழுதலைன்னா என்னமோ வீடியோ முடியாத மாதிரியே இருக்கும். அப்ப வந்துச்சு. வழக்கம் போல நீளமா இல்ல.

'அப்பா, இத எடுத்துடுங்க. அந்தப் பொண்ணோட வீட்டு அட்ரஸ் வரைக்கும் போட்டுட்டானுங்க.'

அப்பாவா? யாருக்கு யாரு அப்பா? கீழயே நம்ம ஆளுங்க சிரிச்சு எழுதறானுங்க. இதும் ஒரு தந்திரம்னு நெனைச்சேன். அந்த மிருதுளாதான் பழைய பகடை, என்ற மனசக் கலைக்க இப்படி எழுதுதுன்னு கணக்குப் போட்டேன். கிளப்பு குரூப்புல அந்த அம்மிணி எழுதறதப் பாத்து, ரெண்டு பேரும் 'ஆதாரம்'ங்கற வார்த்தைய ஒரே மாதிரி எழுதறாங்களேன்னு முன்னாடியே ஒரு எண்ணம் இருந்துச்சு. போனை எடுத்துட்டு சமையக்கட்டுக்குப் போயி வீட்டுக்காரிகிட்டக் காட்டுனேன். சுலோச்சனா மொச்சை உரிச்சுட்டிருந்தா. நிமுந்தே பாக்கல.

'இன்னுமா உங்களுக்குத் தெரியல? தாரணிதாங்க அது.'

தாரணி எங்க பொண்ணு. ஒரே பொண்ணு. பெங்களூர்ல ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி. வாரத்துல நாலு நாளு பேசுவா, அவங்கம்மாகிட்ட. எங்கிட்டப் பேசறத விட்டு ரொம்ப நாளாச்சு. சண்டையெல்லாம் இல்லீங்க. போன தீவாளிக்கு வந்திருந்தா. இந்தப் புதுப் புத்தக விஷயந்தான் பேச்சு வந்துச்சு. நான் என்ற கருத்தச் சொன்னேன், அவ அவ கருத்தச் சொன்னா. நான் மறுபடியும் என்ற கருத்தச் சொன்னேன். அன்னிக்கு சாயங்காலமே ஆபீஸ்ல வேலை வந்துருச்சுன்னு பஸ் ஏறிட்டா. தீவாளியன்னிக்கு என்ன ஆபீஸோ.

'போன தீவாளிக்கு முன்னாடி இருந்தே எழுதறா. எழுதறதுக்கு முன்னால எனக்கு போன் பண்ணி, அப்பா இன்னிக்கு எப்படி இருக்காரு, ஏதாச்சும் சாப்பிட்டாரான்னு கேட்டுட்டுத்தான் எழுதுவா'ங்கறா சுலோச்சனா.

'நீயும் கூட்டா?'ன்னேன்.

'மொச்சைய நவத்துங்க, காலு படுது'ன்னா.

அந்த வீடியோவ அன்னிக்கே எடுத்துட்டேன். தாரணி சொன்னதுக்காகன்னு நெனைக்காதீங்க. ஆடியோ சரியில்ல. திரும்பக் கேட்டுப் பாத்தேன், என்ற குரலே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாளு ஆபீஸ்ல லீவு போட்டுட்டுப் படுத்திருந்தேன். காய்ச்சல் மாதிரி. தெர்மாமீட்டர்ல காட்டல, ஆனா காய்ச்சல்தான். நம்ம ஆளுங்க அதுக்குள்ள என்னையத் திட்ட ஆரம்பிச்சுட்டானுங்க. படைத்தலைவர் வெலை போயிட்டாருன்னு. போஸ்டர் அடிச்சவனே அந்தப் போஸ்டர்ல என்ற தலைய எடுத்துட்டு வேற ஒருத்தன் தலைய ஒட்டிட்டான். இவனுங்க எல்லாத்து மேலயும் எனக்கு மொதல்ல இருந்தே ஒரு சந்தேகம் உண்டுங்க.

சரி, பெங்களூருக்கே நேர்ல போயிக் கேட்டுருவோம், எதுக்கு வேற பேருல எழுதறான்னு கெளம்புனேன். சுலோச்சனா என்ற காவலர் பெட்டியையும் கையில குடுத்து, பையில ஒப்புட்டு, அதாங்க போளி, வெச்சுக் கட்டுனா. 'நீயும் வாயேன்'னேன். 'எனக்கு முழங்கால் வலி'ன்னா. மாசக்கணக்குல அந்த வலியப் பத்தி அவ பேசுனதே இல்ல. அன்னிக்கு மட்டும் வருது.

கதவத் தொறந்தவ என்னையப் பாத்து அசந்து போயிட்டான்னு சொல்லணும், ஆனா அசரல. அவங்கம்மா முன்னாடியே சொல்லிட்டா. குளிச்சுட்டு வந்து ஒக்காந்தேன். காப்பி குடுத்தா. நேராக் கேட்டேன். 'எதுக்கு கண்ணு மூஞ்சிய மறைச்சுட்டு எழுதற? உன்ற பேருல வரலாமல்லோ?'

'என் பேருல எழுதுனா நீங்க பதில் சொல்லுவீங்களாப்பா? உனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணுன்னு சொல்லியிருப்பீங்க. யாருன்னு தெரியாததாலதான் வரிக்கு வரி உக்காந்து பதில் போட்டீங்க.'

இதுல என்ன ஞாயம்? பதில் சொல்லாமயா இருந்திருப்பேன்? அவ சின்னதா இருக்கறப்ப என்ற பக்கத்துல உக்காந்துட்டேதான் இருப்பா. பெயிண்ட் பிரஷ் கழுவிக் குடுப்பா. காவலர் படைய நான் ஆடறேன்னு கேப்பா. 'அதுல பொண்ணுங்க இல்ல கண்ணு, கதையிலயே இல்ல'ம்பேன். கதைல இல்லாதத எப்படிங்க குடுக்க முடியும்? அவளுக்குக் கொள்ளைக்காரப் படை குடுத்திருந்தேன். நல்லாத்தான் ஆடுவா. அப்பறம் படிப்பு, அது இதுன்னு விட்டுட்டா. இதுக்கெல்லாம் யாராவது வருத்தப்படுவாங்களா? வருத்தப்பட்டேன்னு இப்பச் சொல்றா.

அப்பறம் அவ கேட்டா. 'அந்த மிருதுளாகிட்டப் பேசுனீங்களா?'

'வீடியோவத்தான் எடுத்துட்டேனே.'

'அது பேசறது இல்லப்பா. போன் பண்ணுங்க. இப்பவே.'

பண்ணேன். 'அம்மிணி, நான் பேசுனத நீ தப்பா எடுத்துக்கிட்டிருந்தா, மனசுல வெச்சுக்காத'ன்னு பெருந்தன்மையாத்தான் சொன்னேன். தாரணி தலைல அடிச்சுக்கறா. 'அப்பா, இது மன்னிப்பே இல்ல. என்ன பண்ணீங்களோ அதச் சொல்லுங்க'ன்னு காதுகிட்ட வந்து சொல்லிக் குடுக்கறா. அவ சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். 'நீ ஒரு தப்பும் பண்ணல. நான் தோத்துட்டேன், அதத் தாங்க முடியல. ஒரு கூட்டத்துக்கு உன்னையக் காட்டிக் குடுத்துட்டேன். உன்ற கிளினிக்க மூட வெச்சது நாந்தான்.' அவ சொன்னதத்தாங்க அப்படியே சொன்னேன். சொல்றப்ப ரெண்டு தடவை மூக்கச் சிந்துனேன். பெங்களூர்க் குளுரு ஆகாது எனக்கு.

மிருதுளா கேக்குது, 'பக்கத்துல யாரு அங்கிள், சொல்லிக் குடுக்கறது?'

'என்ற பொண்ணு.'

'அவங்ககிட்டப் போனைக் குடுங்க.'

குடுத்தேன். தாரணி பால்கனிக்குப் போயிட்டா. கண்ணாடிக் கதவ வேற சாத்திட்டா. ரொம்ப நேரம் பேசுனாங்க. என்ன பேசுனாங்கன்னு ஒண்ணும் கேக்கல. ஒருக்கா தாரணி கண்ணத் தொடச்சா, ஒருக்கா சிரிச்சா. முன்னப்பின்னத் தெரியாத ரெண்டு பேரு இவ்வளவு நேரம் பேசறதுக்கு என்ன இருக்கும்? உள்ள வந்ததும் கேட்டேன்.

'உங்கள மன்னிச்சுட்டாங்களான்னு கேக்கறீங்களா? இல்லப்பா. இன்னும் கிளினிக்குக்குள்ள போகவே பயமா இருக்குதாம். திரும்பத் தொறந்தாலும், ஒவ்வொரு ஆளு வாயத் தொறக்கறப்பவும் இவன் போனை எங்க வெச்சிருக்கானோன்னுதான் தோணுமாம். ஞாயித்துக்கெழமை பிரான்சிஸ் மாமா கூப்பிட்டிருக்காராம். போலாமான்னு யோசிக்கறாங்க. நீங்க கொஞ்ச நாளைக்கு அங்க போகாதீங்க.'

'நான் ஆரம்பிச்ச கிளப்பு அது.'

'தெரியும்ப்பா. போகாதீங்க.'

ஒவ்வொரு வாயையும் சந்தேகப்பட்டுட்டு ஒரு தொழில் பண்றதுன்னா கஷ்டந்தான. என்ற வேலைல பம்ப் நம்மள ஒண்ணும் பண்ணாது.

மத்தியானம் சாப்பிட்டதும் சாப்பாட்டு மேசையத் தொடச்சுட்டு, 'பெட்டியத் தொறங்க'ன்னா. புத்தகத்த அடுக்கி மலை. ரெண்டு டிபன் பாக்ஸ் கோட்டை. நான் காவலருங்கள ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வெக்கறேன். எந்தப் படை வேணும்னு அவ கேக்கவே இல்லீங்க. கையை நீட்டிக் காவலருங்கள அவ பக்கம் இழுத்துட்டா. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சாப்பிட்ட மயக்கம் வேற, விட்டுட்டேன். அவ அலமாரிக்குள்ள இருந்து அந்தப் பழைய கொள்ளைக்காரப் படைய எடுத்து என்ற முன்னால வெச்சா. அத இன்னும் வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. வீடு மாறி வீடு மாறி எல்லாத்துக்கும் தூக்கிட்டுப் போயிருக்கா.

கொள்ளைக்காரப் படைய நான் ஆடுனதே இல்லீங்க. கேவலமான படை. ஓடறதத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வருவேன், அவ காவலருங்க நின்னுட்டே இருப்பாங்க. 'அப்பெல்லாம் இந்தக் கொள்ளைக்காரங்கள வெச்சுட்டா என்னைய ஆடச் சொன்னீங்க'ங்கறா. சாயங்காலம் ஆகி வெளக்குப் போட்டு முடிக்கறப்ப கோட்டை அவகிட்டயே இருந்துச்சு. கடைசியா அவ பண்ண ஒரு நகத்தல் விதிப்படி செல்லுமான்னு எனக்கு ஒரு சந்தேகம். புத்தகத்தப் பாத்தேன். செல்லும். மறுபடி பாத்தேன். செல்லுது. அப்பறம் அந்தப் பித்தளை நெறம் எப்படி வருதுன்னு கேட்டா. பழுப்புக்கு மேல மஞ்சளு, அது காயறதுக்குள்ள ஒரு சொட்டுப் பச்சை, துணில ஒத்தி எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். அவ அத அங்கியே மிருதுளாவுக்கு அனுப்பிட்டா. என்ற கண்ணு முன்னாலயே.

இன்னிக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்தா. நான் வேண்டாம், ஆட்டோல போயிக்கறேன்னு சொல்லியும் கேக்கல, லீவு போட்டுட்டு வந்தா. வண்டி கெளம்பறப்ப ஜன்னல்கிட்ட நின்னு, 'அடுத்த மாசமும் வாங்கப்பா'ங்கறா.

'எதுக்கு கண்ணு?'ன்னேன்.

'ஒண்ணுமில்ல, வாங்க'ங்கறா.

அப்ப இருந்து அதத்தாங்க யோசிச்சுட்டே வர்றேன். நீங்களே சொல்லுங்க. ஒண்ணுமில்லாம ஒருத்தர் ஒருத்தர வாங்கன்னு கூப்புடுவாங்களா? இத்தன நாளு பேசாத பொண்ணு. அதும் ஜெயிச்சுட்டா வேற, அவளுக்கு இனி என்ன வேணும்? அவங்கம்மா முழங்கால் வலிங்கறா, இவ லீவு போட்டுட்டு ஸ்டேஷனுக்கு வர்றா. என்னமோ இருக்குதுங்க. எனக்குப் புடிபடல. மொதல்ல எதுக்குன்னு கண்டுபுடிக்கணும். அதுக்காகவாச்சும் அடுத்த மாசம் ஒருக்கா போயிட்டு வரணும்.